சித்திரக்கதையை நீங்களே வெளியிடுவது: படைப்பாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்திரக்கதை வரைகிறவர்கள், எழுதுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரிய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாமல், சொந்தக் கதையைச் சொந்தமாக வரைந்து வாசகர் கையில் சேர்க்க நினைப்பவர்களுக்கானது இது. எந்த வழியில் போனாலும் கதையின் உரிமையை விட்டுவிடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பல பதில்களில் அது தலைகாட்டும்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

பதிப்பகத்திடம் கொடுக்கலாம். நீங்களே அச்சடித்து விற்கலாம். பிரிண்ட் ஆன் டிமாண்ட் சேவையில் ஏற்றிவிடலாம்; யாராவது ஆர்டர் செய்யும்போது ஒரு பிரதி அச்சாகிப் போகும். இணையத்தில் தொடராக இலவசமாகப் போடலாம். மின்நூலாக விற்கலாம். கிரவுட்ஃபண்டிங்கில் வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டி அச்சடிக்கலாம். இவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நடைமுறையில் பலரும் முதலில் இணையத்தில் தொடராகப் போட்டு வாசகரைச் சேர்க்கிறார்கள், பிறகு கிரவுட்ஃபண்டிங்கில் தொகுப்பை அச்சடிக்கிறார்கள், மீதிப் பிரதிகளை விழாக்களில் விற்கிறார்கள்.

300 பக்கக் காவியம் ஒன்று மனதில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாமா?

வேண்டாம். முதலில் 8 பக்கத்திலோ 16 பக்கத்திலோ முடிகிற ஒரு கதையை வரையுங்கள். நீளத்தை நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. வரைந்து, எழுத்துப் போட்டு, அட்டை செய்து, அச்சுக்கு அனுப்பி, ஒரு அந்நியர் அதைப் புரட்டுவதை நேரில் பார்ப்பது வரை ஒரு முழுச் சுற்று இருக்கிறது. அதை ஒருமுறையாவது முடித்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு பக்கம் வரைய உண்மையில் எத்தனை நாள் ஆகிறது என்பது அப்போதுதான் தெரியும். அந்தக் கணக்கு கையில் இல்லாமல் 300 பக்கத்துக்குத் தேதி சொல்ல முடியாது.

நீண்ட கதைகள் சாத்தியமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கனடாவின் டேவ் சிம் 1977-ல் தொடங்கிய ‘செரிபஸ்’ தொடரைத் தாமே வெளியிட்டு, 2004-ல் 300-வது இதழோடு முடித்தார். ஆனால் அதுவும் ஒரு மெல்லிய கறுப்பு வெள்ளை இதழாகத்தான் தொடங்கியது.

எனக்கு எழுத வரும், வரைய வராது. ஓவியரோடு எப்படி ஒப்பந்தம் செய்வது?

நண்பராக இருந்தாலும் எழுத்தில் வையுங்கள். நண்பராக இருந்தால் கண்டிப்பாக எழுத்தில் வையுங்கள். ஒரு பக்கத் தாள் போதும். கதாபாத்திரங்களின் உரிமை யாருக்கு எத்தனை சதவீதம், வருமானத்தை எந்தச் செலவு கழித்த பிறகு பங்கிடுவது, ஒருவர் பாதியில் விலகினால் வரைந்த பக்கங்கள் என்ன ஆகும், மூல ஓவியத் தாள்கள் யாரிடம் இருக்கும், பிற்காலத்தில் படமோ விளையாட்டோ எடுக்க யாராவது வந்தால் இருவர் சம்மதமும் தேவையா — இவை ஐந்தும் அதில் இருந்தாக வேண்டும்.

‘வருமானம் வந்தால் பங்கு’ என்று சொல்லி ஓவியரை நூறு பக்கம் வரைய வைப்பது நியாயமில்லை. ஒரு பக்க ஸ்கிரிப்ட் எழுத ஒரு மணி நேரம் ஆகலாம். அதே பக்கத்தைப் பென்சில், இங்க், வண்ணம் என்று முடிக்க இரண்டு மூன்று நாள் போகும். பக்கத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். முடியாவிட்டால் பக்கத்தைக் குறையுங்கள்.

கையில் பணமே இல்லை. அச்சுப் பிரதி போட முடியுமா?

முடியும். மினி காமிக்ஸ் இதற்காகவே இருக்கிறது. சாதாரண ஏ4 தாள் நான்கை எடுத்து, இருபுறமும் நகலெடுத்து, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடித்தால் 16 பக்க ஏ5 புத்தகம் கிடைத்துவிடும்.

முதல் தடவை எல்லோரும் குழம்புகிற இடம் பக்க வரிசை. மடித்த தாளில் 1-ம் பக்கத்துக்குப் பக்கத்தில் 2-ம் பக்கம் வராது. வெளித்தாளின் ஒருபுறம் 16-ம் 1-ம் வரும், அதன் மறுபுறம் 2-ம் 15-ம் வரும். ஒரே தாளின் ஒரே புறத்தில் வரும் இரண்டு பக்க எண்களையும் கூட்டினால் எப்போதும் 17 வரும். அதாவது மொத்தப் பக்கத்தோடு ஒன்று. இந்தக் கூட்டலை மட்டும் நினைவில் வைத்தால் எத்தனை பக்கமானாலும் வரிசை தப்பாது. வெற்றுத்தாளை மடித்துப் பென்சிலால் எண் போட்ட ஒரு டம்மி செய்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

மடிப்பை நகத்தால் அழுத்தாமல் ஒரு ஸ்கேலின் விளிம்பால் இழுத்து அழுத்துங்கள். சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது. நீண்ட கை உள்ள ஸ்டேப்ளர் வேண்டும். பின் அடித்தபின் உள்தாள்கள் வெளித்தாளைவிட ஒரு மயிரிழை வெளியே துருத்தும். தாள் கூடக்கூடத் துருத்தலும் கூடும். ஓரத்தை வெட்டும்போது நடுப்பக்கங்கள்தான் அதிகம் வெட்டுப்படும் என்பதால், அந்தப் பக்கங்களில் பேச்சுக்குமிழை ஓரத்தை ஒட்டி வைக்காதீர்கள். முப்பது பிரதி செய்து முடிக்கும்போது விரல் நுனி கொஞ்சம் வலிக்கும். ஆனால் உங்கள் கதை புத்தகமாகி மேசையில் அடுக்கி இருப்பதைப் பார்க்கிற மகிழ்ச்சி வேறு எதிலும் கிடைக்காது.

ஆஃப்செட்டா, டிஜிட்டல் பிரிண்டா, பிரிண்ட் ஆன் டிமாண்டா?

எத்தனை பிரதி உறுதியாக விற்கும் என்பதைப் பொறுத்தது. ஆஃப்செட்டில் பிளேட் (பக்கத்தை அச்சிடும் உலோகத் தகடு) போட்டு இயந்திரத்தைத் தயார் செய்யும் செலவு ஒரு பிரதிக்கும் ஒன்றுதான், ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடும்போது ஒரு பிரதியின் அடக்கவிலை வேகமாக இறங்கும். டிஜிட்டலில் பிளேட் கிடையாது. 50 பிரதி, 100 பிரதி போட அதுவே சரி. பிரிண்ட் ஆன் டிமாண்டில் கையிருப்பே தேவையில்லை, ஆனால் ஒரு பிரதியின் அடக்கம் அதிகம். முழு வண்ணத்தில் போட்டால் உங்களுக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம்.

ஆயிரம் பிரதி போட்டால் அடக்கம் பாதியாகிறதே என்ற ஆசையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அச்சகத்துக்குக் கொடுத்தது ஆயிரத்துக்கான பணம், விற்றது இருநூறு, மீதி கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக ஈரம் ஏறிக்கொண்டிருக்கும். எனக்கும் அது நடந்திருக்கிறது. விற்காத பிரதியின் விலையையும் சேர்த்தே அடக்கத்தைக் கணக்கிடுங்கள். அப்போது சிறு அச்சு மலிவாகத் தெரியும்.

கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லெயர்டும் 1984-ல் நிஞ்ஜா ஆமைகளின் முதல் இதழை உறவினரிடம் வாங்கிய கடனையும் திரும்பி வந்த வரிப் பணத்தையும் போட்டு, கறுப்பு வெள்ளையில், சுமார் 3000 பிரதிகள் மட்டும் அச்சடித்தார்கள். பிரதி தீர்ந்த பிறகு மறு அச்சுக்குப் போனார்கள்.

பிரிண்ட் ஆன் டிமாண்டில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. அமேசானின் கேடிபி என்ற சுயபதிப்புச் சேவை பேப்பர்பேக்குக்குக் குறைந்தது 24 பக்கம் கேட்கிறது. மெல்லிய புத்தகமாக இருந்தால் முதுகில் தலைப்பு அச்சிட இடம் இருக்காது. அங்கே அதற்குச் சுமார் 80 பக்கமாவது வேண்டும். ஒரு மெல்லிய இதழுக்கு அந்தச் சேவை பொருந்தாது. தொகுப்பு நூலுக்குப் பொருந்தும்.

அச்சுக்கு ஃபைல் கொடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சென்டர் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். கதை 22 பக்கத்தில் முடிந்தால், மீதி இரண்டு பக்கத்தில் என்ன வரும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

வண்ணப் பக்கங்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). வண்ணமில்லாத சுத்தமான கோட்டுச் சித்திரம் என்றால் 600 டிபிஐக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கோட்டின் விளிம்பில் பல் பல்லாகத் தெரியும். வெட்டு விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீட்டர் வரை படத்தை நீட்டி வரையுங்கள். இதைத்தான் ப்ளீட் என்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று எட்டிப் பார்க்கும்.

எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள், 100 சதவீதம். வண்ண அச்சின் நான்கு மையும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பில் எழுத்தைக் கொடுத்தால், ஒரு பிளேட் கொஞ்சம் விலகினாலும் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் சிவப்பும் நீலமுமாக நிழல் விழும். பேச்சுக்குமிழில் அது படிக்கவே முடியாமல் போகும்.

இருட்டுக் காட்சிகளைத் திரையில் பார்த்து நம்பாதீர்கள். திரை தானே ஒளி விடுவது; தாள் அப்படியில்லை. என் கதை ஒன்றில் நள்ளிரவுக் கிணற்றடிக் காட்சி நான்கு பக்கம். திரையில் கிணற்றின் கல், கயிறு, நீரில் நிலா எல்லாம் அழகாகத் தெரிந்தன. ப்ரூஃப் (அச்சுக்கு முன் பார்க்கும் மாதிரி) வந்தபோது அந்த நான்கு பக்கமும் தார் பூசியதுபோல் இருந்தன. நிலா மட்டும் மிஞ்சியது. நிழல்களை வெளிச்சமாக்கி மறுபடி வண்ணம் போட ஒரு வாரம் ஆனது. எவ்வளவு அவசரமானாலும், உண்மையான தாளில் அச்சான ப்ரூஃபைப் பார்க்காமல் ‘அடிக்கலாம்’ என்று சொல்லாதீர்கள்.

பேச்சுக்குமிழில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. ஏன்?

‘கொ’ என்று தட்டினால் கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில் என்று பிரிந்து நிற்கும் அல்லவா? எழுத்துரு மீது தவறில்லை. வடிவமைப்பு மென்பொருளின் எழுத்து அமைப்பு இயந்திரம் லத்தீன் எழுத்துக்கானதாக இருக்கிறது. அடோபி மென்பொருள்களில் பத்தி அமைப்புக்குள் போய் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். உடைகிறதே என்று பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவுக்கு ஓடாதீர்கள். அப்படிச் செய்தால் நாளைக்கு மின்நூலில் ஒரு சொல்லைத் தேட முடியாது. வசனத்தை எடுத்து வேறு இடத்தில் ஒட்டவும் முடியாது.

எழுத்துருவின் உரிமத்தையும் படியுங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசம் என்று சொல்லும் பல எழுத்துருக்கள் விற்பனைக்கான புத்தகத்தில் இலவசம் இல்லை. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இருப்பதால் விற்பனை நூலிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று: தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல் ஒரு குமிழின் அகலத்தை முழுக்க எடுத்துக்கொள்ளும். வரைந்து முடித்த பிறகு குமிழுக்கு இடம் தேடினால் நாயகியின் முகத்தைத்தான் மூட வேண்டியிருக்கும். பென்சில் நிலையிலேயே வசனத்தை எழுதிப் பார்த்து இடம் ஒதுக்குங்கள். வசனத்தைப் பேச்சு வழக்கில் எழுதினால் சொல்லும் சுருங்கும், உயிரும் வரும்.

இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டால் புத்தகத்தை யார் வாங்குவார்கள்?

இலவசமாகப் படித்தவர்கள்தான் வாங்குவார்கள். இந்தப் பயம் எல்லோருக்கும் வரும், எனக்கும் இருந்தது. அமெரிக்காவின் ஃபில் ஃபோலியோ, காஜா ஃபோலியோ தம்பதி 2005-ல் தங்கள் ‘கேர்ள் ஜீனியஸ்’ தொடரைத் தனி இதழ்களாக அச்சடிப்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு மூன்று பக்கம் இணையத்தில் இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். தொகுப்பு நூல்களை மட்டும் அச்சில் விற்றார்கள். தொடர் பல ஆண்டுகள் அப்படியே ஓடியது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, நாள் தவறக் கூடாது. திங்கள்தோறும் என்று சொன்னால் திங்கள்தோறும் வர வேண்டும். தொடங்கும் முன் குறைந்தது பத்துப் பன்னிரண்டு பக்கம் வரைந்து இருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலும் அந்த இருப்பு உங்களைக் காப்பாற்றும்.

கூடவே, சொந்தமாக ஒரு தளமும் மின்னஞ்சல் பட்டியலும் வேண்டும். சமூக ஊடகத்தில் பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், உங்கள் இடுகையை எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதை அந்த நிறுவனம்தான் முடிவு செய்யும். மின்னஞ்சல் முகவரி கொடுத்த இருநூறு பேர் உங்களிடமே இருப்பார்கள். புத்தகம் வரும் நாளில் அந்த இருநூறு பேர்தான் முதலில் வாங்குவார்கள்.

செங்குத்தாக ஸ்க்ரோல் செய்யும் வடிவமா, வழக்கமான பக்கமா?

கைபேசியில் படிப்பவர்களுக்கு ஸ்க்ரோல் வசதி. கொரியாவில் நேவர் நிறுவனம் 2004-ல் வெப்டூன் என்ற சித்திரக்கதைத் தளத்தைத் தொடங்கியதிலிருந்து இது தனி மொழியாகவே வளர்ந்திருக்கிறது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம்தான் அங்கே நேரம். நீளமாக இடம் விட்டால் கதை மூச்சு வாங்கும். அந்தத் தளத்தில் யாரும் ஏற்றக்கூடிய பகுதியில் படங்களை 800 பிக்சல் அகலம், 1280 பிக்சல் உயரத் துண்டுகளாகக் கேட்கிறார்கள்.

ஆனால் 800 பிக்சலில் வரைந்ததை அச்சடிக்க முடியாது. 300 டிபிஐயில் அது ஏழு சென்டிமீட்டர் அகலம்கூட வராது. பிற்காலத்தில் புத்தகமாக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் அச்சு அளவில் வரைந்து, இணையத்துக்குச் சுருக்குங்கள். ஸ்க்ரோல் கதையைப் பிறகு பக்கமாக மாற்றுவது கிட்டத்தட்ட மறுபடி வரைவதற்குச் சமம். என் ஆலோசனை: சம அளவுள்ள கட்டங்களாக வரைந்தால் ஸ்க்ரோலாகவும் அடுக்கலாம், பக்கமாகவும் அடுக்கலாம். கொஞ்சம் அழகு குறையும்.

மின்நூலாக விற்றால் எவ்வளவு கிடைக்கும்?

அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு ராயல்டி (விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு) உண்டு. 70 நல்லதாகத் தெரியும். ஆனால் அதில் கோப்பின் அளவுக்கு ஏற்ப, ஒவ்வொரு எம்பிக்கும் ஒரு டெலிவரிக் கட்டணம் பிடிப்பார்கள். நாவல் ஒரு எம்பிகூட வராது. வண்ணச் சித்திரக்கதை 50 எம்பிக்கு மேல் போகும். விலை குறைந்த இதழாக இருந்தால் அந்தக் கட்டணமே ராயல்டியை விழுங்கிவிடும். 35 சதவீதத்தில் அந்தப் பிடித்தம் இல்லை. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பிடிஎஃப் ஆகவோ சிபிஇசட் ஆகவோ நேரடியாக விற்கும் தளங்களும் இருக்கின்றன. இட்ச் தளத்தில் நிறுவனத்துக்கு எத்தனை சதவீதம் கொடுப்பது என்பதை நீங்களே வைக்கலாம். சிபிஇசட் என்று பயப்பட வேண்டாம். பக்கப் படங்களை வரிசையாகப் பெயரிட்டு ஜிப் செய்து, பெயரின் முடிவை மாற்றியது அவ்வளவுதான்.

ஒரே கடையை நம்பி இருக்காதீர்கள். டிஜிட்டல் காமிக்ஸ் விற்பனையில் மிகப் பெரிதாக இருந்த காமிக்ஸாலஜியை அமேசான் 2014-ல் வாங்கியது; 2022-ல் அதன் கடையைத் தன் கடைக்குள் இணைத்தது; 2023 டிசம்பரில் செயலியையே மூடியது. அங்கே வாசகர் கூட்டத்தைக் கட்டியிருந்த சிறு படைப்பாளிகள் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது.

கிரவுட்ஃபண்டிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

2009-ல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்தில் இலக்கை எட்டினால்தான் பணம் கைக்கு வரும். எட்டாவிட்டால் யாரிடமும் பணம் எடுக்க மாட்டார்கள். எட்டினால் 5 சதவீதம் தளத்துக்கு, அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு முழுப் புத்தகத்துக்கு வாக்குக் கொடுக்கிற இக்கட்டு இதில் வராது. அதனால் இந்த விதி எனக்குப் பிடிக்கும்.

இலக்கை எப்படி வைப்பது? அச்சுச் செலவை மட்டும் எழுதிவிட்டு நிற்கிறார்கள் பலர். அட்டைப்பெட்டி, குமிழ்த்தாள், தபால், தளத்தின் கட்டணம், வழியில் சேதமாகும் பிரதிகள், வரி இவ்வளவும் இருக்கின்றன. புத்தகம் எடை கூடிய பொருள். ஒரு டம்மியைச் செய்து உறையில் போட்டு எடை பார்த்து, தபால் செலவை விசாரித்த பிறகே இலக்கை எழுதுங்கள். வெளிநாட்டுத் தபாலுக்கு ஆகும் செலவு சில சமயம் புத்தகத்தின் விலையையே தாண்டும். பிடிஎஃப் மட்டும் பெறும் ஒரு நிலையைக் கட்டாயம் வையுங்கள்.

வெகுமதிகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ரிச் பர்லூ 2012-ல் தம் ‘ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ இணையத்தொடரின் தீர்ந்துபோன தொகுப்புகளை மறு அச்சிட நிதி கேட்டார். இலக்கு 57,750 டாலர். வந்தது 12 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கும் மேல். கூடுதல் கதைகள், கூடுதல் பொருள்கள் என்று வாக்குகளும் கூடின. அதே ஆண்டில் அவர் கையில் பலத்த காயம் பட்டது. சில வெகுமதிகள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. வரைகிறவருக்கு இருப்பது ஒரு கைதான். புத்தகம், பிடிஎஃப், கையெழுத்திட்ட புத்தகம் என்று மூன்று நிலை போதும். வேண்டுமானால் எண்ணி ஐந்தே ஐந்து மூல ஓவியங்கள்.

கதையை வரைந்து முடித்த பிறகு நிதி கேளுங்கள். ‘இனிமேல்தான் வரையப் போகிறேன்’ என்ற முதல் படைப்பாளிக்கு நான் பணம் போடத் தயங்குவேன், மற்றவர்களும் தயங்குவார்கள்.

மாதாமாதம் ஆதரவு தரும் பேட்ரியான் போன்ற தளங்கள்?

தொடர்ந்து பக்கம் வந்துகொண்டிருந்தால் நல்லது. ஆதரவாளருக்கு ஒரு வாரம் முன்கூட்டியே பக்கத்தைக் காட்டுவது, ஸ்கெட்ச்களைக் காட்டுவது போதும். அவர்களுக்கென்று தனியாக வரையத் தொடங்கினால் மூலக்கதை நின்றுவிடும்.

புத்தகத்துக்கு எப்படி விலை வைப்பது?

அட்டை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தர் வழியாகக் கடைக்குப் போனால் 50 முதல் 60 வரை அவர்களுக்குப் போய்விடும். 60 போனால் உங்களுக்கு 40. அச்சடக்கம் 35 என்றால் மிஞ்சுவது 5. அதில்தான் உங்கள் ஆறு மாத உழைப்பு. எனவே கடைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அடக்கம் 20, 25-ஐத் தாண்டக் கூடாது. நேரடியாக மட்டும் விற்பதானால் 40 வரை போகலாம். விலையை முதலில் குறைத்து வைத்துவிட்டு இரண்டாவது புத்தகத்தில் ஏற்றுவது கடினம்.

விநியோகஸ்தர் எடுத்துக்கொண்டால் கவலை தீர்ந்ததா?

இல்லை. வட அமெரிக்காவின் காமிக்ஸ் கடைகளுக்குப் பல பத்தாண்டுகள் முதன்மை விநியோகஸ்தராக இருந்த டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அதன் கிடங்கில் சரக்கை வைத்திருந்த சிறு பதிப்பாளர்கள் தவித்துப் போனார்கள். எவ்வளவு பெரிய விநியோகஸ்தராக இருந்தாலும், கிடங்கில் இருக்கும் விற்காத பிரதி யாருடைய சொத்து, பணம் எத்தனை நாளில் வரும், திரும்பி வரும் பிரதிக்குத் தபால் யார் கொடுப்பது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) கட்டாயமா?

விழாவில் கையால் விற்கும் மினி காமிக்ஸுக்குத் தேவையில்லை. புத்தகக் கடை, நூலகம் என்று போக வேண்டுமானால் தேவை. 2007 முதல் அது 13 இலக்கம். பேப்பர்பேக்குக்கு ஒன்று, ஹார்டுபவுண்டுக்கு இன்னொன்று என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண். அச்சுச் சேவைகள் இலவசமாகத் தரும் எண்ணை வாங்கினால் பதிப்பாளர் இடத்தில் அவர்கள் அடையாளம் பதிவாகும். வேறு அச்சகத்துக்கு அந்த எண்ணோடு போக முடியாது. ஐஎஸ்பிஎன் வாங்கினால் காப்புரிமை (காப்பிரைட்) கிடைத்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் காப்புரிமையை எப்படிப் பெறுவது?

வரைந்த கணத்திலேயே அது உங்களுடையது. 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் பதிவு செய்யாமலே பாதுகாப்பு உண்டு. வழக்கு என்று போனால் பதிவு கைகொடுக்கும் என்பதால், வசதி இருந்தால் செய்துகொள்ளுங்கள். யோசனைக்குக் காப்புரிமை கிடையாது, வரைந்ததற்கும் எழுதியதற்கும்தான். ‘யாராவது திருடிவிடுவார்களோ’ என்று வரையாமல் பூட்டி வைத்திருக்கும் கதைக்கு எந்தச் சட்டமும் பாதுகாப்புத் தராது.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களைப் பயன்படுத்தினால்?

உரிமை சிக்கலாகும். 2023 பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி கொண்டு படங்கள் உருவாக்கப்பட்ட ஒரு சித்திரக்கதைக்கு, எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை தந்து, தனித்தனிப் படங்களுக்குத் தர மறுத்துவிட்டது. உங்கள் நாயகனின் முகம் உங்களுடையது என்று சொல்ல முடியாத இடத்தில் போய் நிற்காதீர்கள்.

பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், உரிமையை விற்கச் சொல்கிறார்களா, பதிப்பிக்கும் அனுமதியை மட்டும் கேட்கிறார்களா என்று பாருங்கள். இந்த ஒரு வேறுபாடு வாழ்க்கையையே மாற்றும். ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-ல் சூப்பர்மேன் மீதான முழு உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்தைத் திருத்தப் பல பத்தாண்டுகள் அவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் போராடினார்கள். 1988-ல் சில படைப்பாளிகள் கூடிப் படைப்பாளர் உரிமைச் சாசனம் ஒன்றை எழுதினார்கள். 1992-ல் ஏழு ஓவியர்கள் பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறி, படைப்பு படைப்பாளிக்கே என்ற அடிப்படையில் இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் படித்தே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, எந்த மொழி, எந்த நாடு, எந்த வடிவம், எத்தனை ஆண்டு என்று பாருங்கள். ‘இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்’ என்று இருந்தால் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அவர்கள் புத்தகம் போடுபவர்கள் என்றால் புத்தக உரிமை போதும். திரைப்பட உரிமையும் பொம்மை உரிமையும் அவர்களுக்கு எதற்கு?

பிறகு ராயல்டி. அட்டை விலையில் 8 சதவீதம் என்பதும் நிகர வரவில் 8 சதவீதம் என்பதும் ஒன்றல்ல. பின்னது முன்னதில் பாதிகூட வராது. முன்பணம் தந்தால் அது ராயல்டியிலிருந்து கழிக்கப்படும், ஆனால் புத்தகம் விற்காவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக, உரிமை உங்களுக்குத் திரும்பும் விதி. முன்பெல்லாம் ‘அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும்’ என்று எழுதுவார்கள். பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்த பிறகு எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போவதே இல்லை. ஆண்டுக்கு இரண்டு பிரதி விற்றாலும் ‘கிடைக்கிறது’ என்பார்கள். எனவே ‘ஓராண்டில் இத்தனை பிரதிக்குக் குறைவாக விற்றால் உரிமை திரும்பும்’ என்று எண் போட்டு எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

விழாக்களில் மேசை எடுப்பது லாபமா?

முதல் ஆண்டில் மேசைக் கட்டணம் திரும்பினாலே நல்லது. ஆனாலும் போங்கள். ஜப்பானில் 1975-ல் 32 குழுக்களும் சுமார் 700 பார்வையாளர்களுமாகத் தொடங்கிய காமிகெட் சந்தை, இன்று லட்சக்கணக்கில் கூட்டம் சேரும் இடம். சொந்தமாக அச்சடித்தவர்கள் தாங்களே மேசை போட்டு விற்கிற வழக்கம்தான் அதன் அடித்தளம்.

மேசையில் புத்தகத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். விலையை எழுதி வையுங்கள்; கூச்ச சுபாவமுள்ளவர் விலை கேட்காமலே நகர்ந்துவிடுவார். வந்தவர் எந்தப் பக்கத்தில் நின்று பார்க்கிறார், எங்கே புரட்டலை நிறுத்திவிட்டுக் கீழே வைக்கிறார் என்று கவனியுங்கள். என் இரண்டாவது புத்தகத்தின் முதல் மூன்று பக்கங்களை அப்படிப் பார்த்துத்தான் மறு அச்சில் ஒரு பக்கமாகச் சுருக்கினேன்.

வேலை முடிந்த பிறகு எதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும்?

ஜெஃப் ஸ்மித் 1991-ல் ‘போன்’ தொடரைக் கறுப்பு வெள்ளையில் தாமே வெளியிடத் தொடங்கி, 2004-ல் 55-வது இதழோடு முடித்தார். அடுத்த ஆண்டே ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் அதைச் சிறுவர்களுக்கான வண்ணப் பதிப்பாகக் கொண்டுவரத் தொடங்கியது. உரிமை அவரிடமே இருந்ததால் அது அவருடைய முடிவாக இருந்தது.

உங்கள் கதைக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். வண்ணம், கோடு, எழுத்து மூன்றும் தனித்தனி லேயராக இருக்கும் மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். எழுத்து தனி லேயரில் இருந்தால்தான் வேற்று மொழிப் பதிப்புக்குக் கொடுக்க முடியும். குமிழுக்குப் பின்னாலும் படத்தை வரைந்து வையுங்கள். மற்ற மொழியில் குமிழ் சிறியதாகலாம். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். தாளில் வரைந்தவர்கள் மூல ஓவியங்களை அமிலம் கலக்காத உறையில் போட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் கதையின் பெயரையும் பக்க எண்ணையும் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும்.